சோதனைக் கணக்கில் எல்லாம் ஓடும்

இணையத்தில் கார்டு வழியாகப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே கம்பெனிகளின் டெவலப்பர் பக்கங்களைப் படித்தால் இவர்களால் முடியாத காரியமே இல்லை என்று தோன்றும். வாடிக்கையாளரின் கார்டில் பணத்தை இன்று பிடித்து வைத்து நாலு நாள் கழித்து எடுக்கலாம், வேண்டாம் என்றால் எடுக்காமலே விட்டுவிடலாம். கார்டைச் சேமித்து மாதாமாதம் கழிக்கலாம். வந்த பணத்தை வரும்போதே பல பேருக்குப் பிரித்து அனுப்பலாம். அங்கே இருக்கும் மாதிரி நிரலை அப்படியே எடுத்து ஒட்டினால் சோதனைக் கணக்கில் சொன்னபடி ஓடும், சோதனைக்கென்றே கொடுத்திருக்கும் பொய்க் கார்டு எண்ணை எத்தனை தடவை அடித்தாலும் பச்சை டிக் வரும். அப்புறம் உண்மைப் பணத்துக்கான லைவ் சாவியைப் போட்டு, உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் உண்மையான கார்டோடு வந்து நிற்கும்போதுதான் ஒரு வரி திரும்பி வரும்: 'இந்த வசதி உங்கள் கணக்கில் இயக்கப்படவில்லை. விற்பனைக் குழுவைத் தொடர்புகொள்ளவும்.'

சிறு கம்பெனிகளின் இணையதளங்களில் பணம் வாங்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் இந்த வரி எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு தோழியின் இணைய வகுப்புகளுக்காக இதே வரியோடு மல்லுக்கட்டியபோது மனதில் ஏதோ ஒன்று தங்கிவிட்டது. 'பெரிய ஆட்களுக்குத்தான் எல்லாம், சின்ன ஆட்களை யார் மதிக்கிறார்கள்' என்று புலம்பிவிட்டுப் போக முதலில் வசதியாக இருந்தது. விவரம் தெரியத் தெரிய அந்தப் புலம்பலில் பாதி தப்பு என்று பட்டது. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோழியின் ஏற்பாடு எளிமையானது. பல ஆசிரியர்கள், பல பாடங்கள். ஒரு வகுப்புக்குக் குறைந்தபட்ச ஆட்கள் சேர்ந்தால்தான் அது தொடங்கும், சேராவிட்டால் ரத்து. கட்டணத்தில் ஒரு பங்கு ஆசிரியருக்கு, ஒரு பங்கு இவளுக்கு. ஆகவே அவளுக்குத் தேவைப்பட்டவை மேலே சொன்ன அதே மூன்று: பணத்தைப் பிடித்து வைத்துப் பிறகு எடுப்பது, சேமித்த கார்டிலிருந்து தவணை கழிப்பது, ஆசிரியருக்குப் பிரித்து அனுப்புவது. மூன்றையும் எழுதிச் சோதித்துக் காட்டினேன், அவளுக்கு ஒரே சந்தோஷம். லைவில் மூன்றுமே பூட்டு.

விற்பனைக் குழுவைத் தொடர்புகொள்ள ஒரு படிவம் இருந்தது. அதில் 'உங்கள் மாத விற்பனை எவ்வளவு' என்று ஒரு கீழிறங்கு பட்டியல், கட்டாயம் நிரப்ப வேண்டியது. அதில் இருந்த ஆகக் குறைந்த தொகையே அவள் ஒரு வருடத்தில் பார்ப்பதை விட அதிகம். 'அதற்கும் கீழே' என்று ஒரு வரி சேர்க்கக்கூட அந்தப் படிவத்தை வடிவமைத்தவருக்குத் தோன்றவில்லை. இருந்ததில் சின்னதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். உங்கள் வளர்ச்சிப் பயணத்தில் துணை நிற்பதில் மகிழ்ச்சி என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

வசதி கிடைக்காதவர் என்ன செய்வார்

வசதி இல்லை என்பதற்காக யாரும் வியாபாரத்தை நிறுத்துவதில்லை, சுற்றுவழி பிடிப்பார்கள். அந்தச் சுற்றுவழிகள் எப்படி இருக்கும் என்பதை கேட்வே கம்பெனிக்காரர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

பணத்தைப் பிடித்து வைக்க முடியாததால் தோழி முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கினாள், வகுப்பு தொடங்காவிட்டால் ரீஃபண்ட் கொடுத்தாள். ரீஃபண்ட் கொடுக்கும்போது பல கேட்வேக்கள் தங்களுக்கென்று முதலில் எடுத்துக்கொண்ட கமிஷனைத் திருப்பித் தருவதில்லை, அது கைநஷ்டம். வாடிக்கையாளருக்கோ பணம் திரும்பி வர நாட்கள் ஆகும், அதற்குள் 'என் பணம் எங்கே' என்று ரெண்டு செய்தி வந்துவிடும், பொறுமை இல்லாதவர் நேராக வங்கிக்கே போய்ப் புகார் கொடுத்து, வங்கி வழியாகவே பணத்தைத் திரும்ப எடுக்கும் சார்ஜ்பேக் போட்டுவிடுவார். பிரித்து அனுப்ப முடியாததால் மொத்தப் பணமும் அவள் கணக்கில் வந்து விழுந்தது, பிறகு ஒவ்வொரு ஆசிரியருக்கும் கையால் அனுப்பினாள். கணக்குப் புத்தகத்தில் ஆசிரியர்களின் பங்கும் சேர்ந்து அவளுடைய வருமானம் மாதிரி நிற்கும், வருடக் கடைசியில் அதைப் பிரித்துக் காட்டுவது தனித் தலைவலி. கார்டைச் சேமிக்க முடியாததால் மாதாமாதம் புதிதாகப் பேமென்ட் லிங்க் அனுப்பினாள். சிலர் கட்டினார்கள், சிலர் மறந்தார்கள், ஒருவர் 'இதை நீங்களே வைத்துக்கொண்டு மாதாமாதம் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிவிட்டார். பின்பக்கத்து மூன்று இலக்கமும் தெளிவாகத் தெரிந்தது. உடனே அழிக்கச் சொன்னேன். பிசிஐ டிஎஸ்எஸ் என்று 2004 முதல் இருக்கிற கார்டு பாதுகாப்பு விதிமுறையில், பணப் பரிமாற்றத்துக்கு அனுமதி கிடைத்த பிறகு அந்த மூன்று இலக்கத்தை எந்த வணிகரும் சேமிக்கவே கூடாது. ஒழுங்கான வழியை அடைத்து வைத்தால் ஜனங்கள் இப்படித்தான் வழி கண்டுபிடிப்பார்கள்.

இதில் கார்டு படத்தை விட என்னை அதிகம் உறுத்தியது ரீஃபண்ட் விஷயம். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

தொலைபேசியில் வந்த ஒரு கேள்வி

சப்போர்ட் டிக்கெட்டுகளை விடாமல் போட்டுப் போட்டு ஒரு நாள் அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். விற்பனைக் குழு இல்லை, ரிஸ்க் பிரிவு. தோழி ஸ்பீக்கரில் போட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன். வளர்ச்சி, பயணம் என்று எதுவும் பேசாமல் அவர் நேராகக் கேட்டார்: "மேடம், நீங்க பணம் வாங்குற நாளுக்கும், அந்த வகுப்பு முழுசா முடியிற நாளுக்கும் நடுவுல எத்தனை நாள் இருக்கும்?"

தோழி சாதாரணமாகப் பதில் சொன்னாள். சில வகுப்புகள் ஒரு மாதம், சில ஆறு மாதம், வருடச் சந்தாவும் உண்டு. "அதாவது வருஷச் சந்தாவுக்கு முழுப் பணமும் முதல் நாளே வாங்கிடறீங்க." ஆமாம் என்றாள். "அந்தப் பணம் உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கு ரெண்டு மூணு நாள்ல வந்துடுது." ஆமாம். "நாலாவது மாசம் நீங்க மூடிட்டா, மீதிப் பணத்த யார் குடுப்பாங்க?"

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தினம் இருபது பேரிடம் கேட்கிற தொனிதான். தோழி 'நான் ஏன் மூடப்போறேன்' என்றாள். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை என்பது அந்த நொடியில் எங்கள் ரெண்டு பேருக்குமே புரிந்தது.

இத்தனை வருடம் இந்த வேலை செய்கிறேன், இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. பேமென்ட் கேட்வே என்றால் பணத்தை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் குழாய் என்றுதான் மனதில் ஒரு படம். உண்மையில் அவர்கள் ஜாமீன் நிற்கிறார்கள். சேவை கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர் புகார் கொடுக்க வீசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அந்த 120 நாள் பணம் கட்டிய தேதியிலிருந்து ஓடுவதில்லை, சேவை கிடைத்திருக்க வேண்டிய தேதியிலிருந்து ஓடும். வீசாவில் இதற்கு வெளி எல்லை, பரிமாற்றம் நடந்ததிலிருந்து 540 நாள். ஒன்றரை வருடத்துக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வணிகர் காணாமல் போனால் வாடிக்கையாளரின் வங்கி பணத்தை எதிர்ப்பக்க வங்கியிடம் எடுத்துக்கொள்ளும், அது கேட்வேயிடம் எடுத்துக்கொள்ளும், கேட்வே யாரிடமும் எடுக்க முடியாது. சிறு வணிகர்கள் பெரும்பாலும் தனி வணிகக் கணக்கு இல்லாமல் கேட்வேயின் குடைக்குக் கீழே துணை வணிகராகத்தான் இருப்பார்கள். அஞ்சு நிமிடத்தில் கணக்குத் திறக்க முடிவதற்கு அதுதான் காரணம், அதுவேதான் இந்தப் பயத்துக்கும் காரணம்.

அப்படிப் பார்த்தால் நாங்கள் கேட்டதில் சிலவற்றை மென்பொருள் வசதி என்று சொல்வதே சரியில்லை. வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு மறுநாளே எங்களுக்குக் கொடு என்று கேட்பது கடன் கேட்பது. கடன் கேட்டால் நாலு கேள்வி வரத்தான் செய்யும், வங்கி கேட்டால் நாம் கோபப்படுவோமா? சில கேட்வேக்கள் இந்த மாதிரி வணிகர்களின் பணத்தில் ஒரு பங்கை, பத்து சதவீதம் போல, ஆறு மாதம் வரை ஒதுக்கி வைத்துத்தான் தருவார்கள். கேட்கும்போது எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தக் கணக்கு நியாயமானதுதான்.

சரி, இது வரைக்கும் அவர்கள் பக்கம். அதே தொலைபேசியில் அவர் ரெண்டாவதாகச் சொன்னது: "உங்க ரீஃபண்ட் ரேட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு மேடம், அதனாலதான் ஹோல்டு வசதிய குடுக்க யோசிக்கறாங்க."

ஹோல்டு வசதி இல்லாததால்தான் ரீஃபண்டே! வகுப்பு உறுதியாகும் வரை பணத்தைப் பிடித்து மட்டும் வைத்திருந்தால் ரத்தாகும் வகுப்புக்கு ரீஃபண்ட் என்ற பேச்சே எழாது, பிடியை விட்டால் போதும், கணக்கில் சுவடே இருக்காது. வசதியைக் கொடுக்காததால் ஒரு எண் ஏறியது, அந்த எண்ணைக் காட்டி வசதியை மறுத்தார்கள். இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு "நீங்க சொல்றது புரியுது, இத நான் நோட்ஸ்ல போடறேன்" என்றார். அவர் நல்ல மனிதர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் முன்னால் இருந்த திரையில் ரீஃபண்ட் சதவீதம் இருந்திருக்கும், அது ஏன் வந்தது என்று எழுத ஒரு இடம் இருந்திருக்காது.

அளவு என்ற ஒரே அளவுகோல்

பெரிய வணிகர் பத்திரமானவர், சின்ன வணிகர் ஆபத்தானவர் என்பதுதான் அந்தப் படிவத்தின் கீழிறங்கு பட்டியலுக்கு அடியில் இருக்கிற நம்பிக்கை. 1841-இல் தொடங்கிய தாமஸ் குக் பயண நிறுவனம் 2019 செப்டம்பர் 23-இல் மூடியபோது பிரிட்டனைச் சேர்ந்த சுமார் ஒன்றரை லட்சம் பேர் வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டார்கள். போகப்போகிற பயணங்களுக்கு முன்பணம் கட்டியிருந்தவர்கள் தனி. முன்கூட்டியே வாங்கிய பணத்தைச் சேவையாகக் கொடுக்காமல் போவது என்ற அந்த ஆபத்து, என் தோழியிடம் இருப்பதுதான், பல லட்சம் மடங்கு பெரிதாக அங்கே இருந்தது. இவள் மூடினால் கேட்வேக்கு ஆகும் நஷ்டம் அவர்கள் கணக்கில் தெரியக்கூடச் செய்யாது.

பெரிய வணிகரிடம் இருப்பது பத்திரம் இல்லை, தகவல். வருடக்கணக்கான பரிமாற்றங்கள், தணிக்கை செய்த கணக்குகள், பேசுவதற்கு ஒரு ஆள். சின்ன வணிகரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் அரை மணி நேரம் செலவழிக்க வேண்டும், அந்த அரை மணி நேரச் சம்பளம் இவரிடமிருந்து வரும் கமிஷனில் தேறாது. ஆகவே படிவம், ஆகவே பட்டியல், ஆகவே மௌனம். இது எனக்குப் புரிகிறது, ஆனால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லலாம் அல்லவா? பிசிஐ விஷயத்தில் கார்டு நெட்வொர்க்குகள் அளவை வைத்துத்தான் வணிகர்களைப் பிரித்திருக்கிறார்கள். வருடத்துக்கு 60 லட்சம் வீசா பரிமாற்றத்துக்கு மேல் என்றால் முதல் நிலை, இணையத்தில் 20,000-க்கும் கீழே என்றால் நாலாம் நிலை, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், எந்த நிலைக்கு என்ன கடமை என்பதும் பொதுவில் இருக்கிறது. கேட்வேயின் உள்ளே எந்த எண்ணைத் தாண்டினால் எந்தப் பூட்டு திறக்கும் என்பது மட்டும் ராணுவ ரகசியம்.

ஆபத்தைக் குறைப்பதற்கும் ஏன் பூட்டு

ஒரே வாக்கியத்தில் மறுக்கப்படும் வசதிகள் எல்லாம் ஒரே வகை இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பணத்தைப் பிரித்து மூன்றாம் ஆளுக்கு அனுப்புவதில் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் பணத்தைக் கையாள்வதற்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும், பணம் பெறும் ஒவ்வொருவருக்கும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். அது கேட்வேயின் விருப்பம் இல்லை. கார்டு எண்ணை நம் சர்வர் வழியாகவே வாங்கிக் கேட்வேக்கு அனுப்பும் ஏபிஐ என்ற நிரல் இணைப்பும் அப்படித்தான். கேட்வேயின் பக்கத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பினால் பிசிஐ கேள்வித்தாள் சில பக்கத்தில் முடிந்துவிடும், எண்ணை நாமே தொட்டால் அதே கேள்வித்தாள் 200-க்கும் மேற்பட்ட கேள்விகளாக நீளும். அதைச் சின்ன ஆளுக்குக் கொடுக்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்று சொல்வேன். வருடச் சந்தா போன்றவை கடன், அதைப் பார்த்தாயிற்று.

இவை போக ஒரு கூட்டம் இருக்கிறது. காலாவதியான கார்டுக்குப் பதில் வங்கி புதுக் கார்டு கொடுத்தால் அந்த விவரத்தைத் தானாகப் புதுப்பிக்கும் அக்கவுன்ட் அப்டேட்டர், கார்டு எண்ணுக்குப் பதில் பயன்படும் நெட்வொர்க் டோக்கன், சந்தேகமான பரிமாற்றத்துக்கு மட்டும், கார்டு கொடுத்த வங்கியே வாடிக்கையாளரை உறுதிப்படுத்தும் த்ரீ-டி செக்யூர் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் விதி, ஒரே இடத்திலிருந்து வரிசையாக வரும் முயற்சிகளைத் தடுக்கும் விதி. இவற்றில் எதைக் கொடுத்தாலும் கேட்வேயின் ஆபத்து கூடாது, குறையும். த்ரீ-டி செக்யூரில் வாடிக்கையாளர் தன்னை உறுதிப்படுத்திவிட்டால், 'இது நான் செய்த பரிமாற்றமே இல்லை' என்ற வகைப் புகாரின் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்கே போய்விடும். அப்படியிருந்தும் இவற்றில் பல, மேல் திட்டங்களிலோ 'விற்பனைக் குழுவைத் தொடர்புகொள்ளவும்' என்ற அதே வாக்கியத்துக்குப் பின்னாலோதான் இருக்கின்றன. சட்டம், கடன், விற்பனை என்று மூன்று வெவ்வேறு காரணங்களுக்கான பூட்டுகளில் ஒரே அறிவிப்பை ஒட்டி வைத்திருப்பதால் எதற்குக் காத்திருப்பது, எதற்குச் சண்டை போடுவது, எதற்குப் பர்ஸைத் திறப்பது என்று வணிகருக்குத் தெரியவே தெரியாது.

வசதிக்குக் காசு கேட்பது வியாபாரம்தானே என்று ஒரு நண்பர் வாதாடினார். அறிக்கைகளை அழகாகப் போட்டுக் காட்டுவதற்குக் காசு கேளுங்கள், டாஷ்போர்டில் பத்துப் பேருக்கு அனுமதி கொடுப்பதற்குக் கேளுங்கள், எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் கார்டு டெஸ்டிங் செய்கிறவர்கள் தேடிப் போவது சின்னத் தளங்களைத்தான். திருட்டுக் கார்டு எண்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, காவல் இல்லாத பேமென்ட் பக்கத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சின்னச் சின்னத் தொகையாகப் போட்டு எது உயிரோடு இருக்கிறது என்று பார்ப்பார்கள். காலையில் எழுந்து பார்த்தால் டாஷ்போர்டு முழுக்கத் தோல்வியடைந்த முயற்சிகள். நடுவில் வெற்றி பெற்ற சில இருக்கும், அவைதான் பின்னால் சார்ஜ்பேக்காக வரும். அந்த வணிகரின் கணக்கு அதன் பிறகு 'ஆபத்தானது' பட்டியலில் ஏறும். அதைத் தடுக்கும் கருவியை அவருக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு அவரை ஆபத்தானவர் என்பது, ரீஃபண்ட் கதையின் அதே சுழல்தான்.

சின்னவர்களுக்கு எதிராக யாரோ திட்டம் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பணப் பரிமாற்றச் சேவைகளுக்கான ஐரோப்பாவின் பிஎஸ்டி2 விதிகளில் ஒன்றைப் பாருங்கள். கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் பரிமாற்றத்தை அனுமதிக்கும் விலக்கு ஒன்று உண்டு, அதற்கு மோசடி விகிதம் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும்: 100 யூரோ வரை 0.13 சதவீதம், 250 வரை 0.06, 500 வரை 0.01. அந்த விகிதத்தை ஒவ்வொரு வணிகருக்கும் தனியாகப் பார்ப்பதில்லை, பணத்தைக் கையாளும் நிறுவனத்தின் மொத்தக் கணக்கில் பார்ப்பார்கள். அப்படியென்றால் குடைக்குக் கீழே இருக்கும் எல்லோரும் ஒருவர் விகிதத்தில் இன்னொருவர் வாழ்கிறார்கள். சின்னவர்களுக்கு நல்ல கருவி கொடுத்தால் மொத்த விகிதமும் இறங்கும், அதனால் பெரியவர்களுக்கும் லாபம். இந்தக் கணக்கு அந்தக் கம்பெனிகளின் ரிஸ்க் பிரிவுக்கு நிச்சயம் தெரியும். விலைப்பட்டியலை எழுதுகிறவர் வேறு பிரிவில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது எப்படி ஓடுகிறது

அந்தத் தொலைபேசிக்குப் பிறகு தோழி முதலில் செய்தது வருடச் சந்தாவை எடுத்தது. ஆறு மாத வகுப்புக்கும் இப்போது மாதத் தவணைதான், பணத்துக்கும் வகுப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டது. கணக்கின் வணிக வகைக் குறியீட்டையும் பார்க்கச் சொன்னேன். அந்த நாலு இலக்க எண் தொடர் சந்தா வணிகம் என்ற 5968-இல் இருந்தது, அது ரிஸ்க் பிரிவுக்காரர்களுக்கு ஆகவே ஆகாத எண். கல்விச் சேவை என்ற 8299-க்கு மாற்றக் கேட்டோம், மாறியது. பிறகு புதிதாக ஒரு கடிதம் எழுதினோம். அதில் எங்கள் கனவுகளைப் பற்றி ஒன்றும் இல்லை. பணம் வாங்குவதற்கும் சேவைக்கும் இடையே எத்தனை நாள், ரீஃபண்டுகளில் எத்தனை வகுப்பு ரத்தானதால் வந்தவை, ஹோல்டு வசதி இருந்திருந்தால் அந்த எண் எவ்வளவாக இருந்திருக்கும், அவ்வளவுதான், ஒரே பக்கம். விற்பனைப் படிவத்தில் போடாமல் ரிஸ்க் பிரிவுக்கே போகும்படி பழைய டிக்கெட்டிலேயே பதிலாக அனுப்பினோம்.

ஹோல்டு வசதி திறந்தது. கார்டில் பிடித்து வைத்த பணம் பொதுவாக ஒரு வாரம் போலத்தான் நிற்கும் என்பதால் பதிவு செய்யும் காலத்தையே வகுப்புக்கு முந்தைய வாரத்துக்குச் சுருக்கிவிட்டாள். கொஞ்சம் அவசரம்தான், ஆனால் ரீஃபண்ட் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. சேமித்த கார்டில் தவணை கழிப்பதும் அப்புறம் கிடைத்தது. பிரித்து அனுப்புவது கிடைக்கவில்லை, ஒவ்வொரு ஆசிரியரும் கேஒய்சி ஆவணங்களோடு தனியாகப் பதிவு செய்தால் பார்க்கலாம் என்றார்கள். சில ஆசிரியர்களுக்கு அதில் விருப்பம் இல்லை, அதனால் அவள் இன்னும் கையால்தான் அனுப்புகிறாள்.

அக்கவுன்ட் அப்டேட்டரையும் கேட்டுப் பார்த்தோம். உங்கள் கணக்கின் அளவுக்கு அது தேவைப்படாது என்று பதில் வந்தது. மாதக் கடைசியில் காலாவதியாகப் போகும் கார்டுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி அவளே மின்னஞ்சல் அனுப்புகிறாள்.